எங்கள் புல்பென் மோசமா? 2019 வாஷிங்டன் அணியை வைத்து ஒரு பதில்

நீங்கள் கேட்டது இது: "எங்கள் அணியின் புல்பென் நல்லதா கெட்டதா என்று நண்பர்களுக்குள் தினமும் சண்டை. ஒருவன் ஈ.ஆர்.ஏ.வைக் காட்டுகிறான். இன்னொருவன் கோட்டைவிட்ட சேவ்களை எண்ணுகிறான். மூன்றாமவன், எல்லாம் மேனேஜர் செய்யும் தப்பு என்கிறான். நல்ல க்ளோசர் ஒருத்தரை வாங்கிப் போட்டால் போதும் என்று நான் சொல்கிறேன். யார் சொல்வது சரி?"

பேஸ்பாலில் நான் வாஷிங்டன் நேஷனல்ஸ் ரசிகன். இந்தச் சண்டையைப் பல வருடம் போட்டிருக்கிறேன். புல்பென்னைப் பற்றி நான் கற்றதில் பெரும்பகுதி 2019இல் எங்கள் அணி கற்றுக்கொடுத்தது. அந்த வருடம் எங்கள் ரிலீவர்களின் ஈ.ஆர்.ஏ. 5.6ஐத் தாண்டியது, முப்பது அணிகளில் பாதி ஆடும் நேஷனல் லீகிலேயே கடைசி இடம். அதே அணிதான் அந்த வருடம் உலகத் தொடரை, அதாவது சாம்பியன் பட்டத்தை, வென்றது. இரண்டும் உண்மை. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கப் பழகினால் உங்கள் நண்பர்களின் சண்டையில் பாதி தீர்ந்துவிடும்.

பேஸ்பாலுக்குப் புதியவர்களும் படிக்கக்கூடும் என்பதால் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொன்றின் மேல்பாதியில் ஒரு அணியும் கீழ்பாதியில் மற்ற அணியும் பேட் பிடிக்கும், மூன்று பேர் அவுட் ஆனால் அந்தப் பாதி முடிந்தது. ஸ்கோர் சமமாக இருந்தால் ஆட்டம் மேலும் ஓடும். பந்து வீசுபவர் பிட்சர், அணியை நடத்தும் தலைமைப் பயிற்சியாளர் மேனேஜர். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஸ்டார்ட்டர். அவர் ஐந்தோ ஆறோ இன்னிங்ஸ் வீசி முடித்ததும் அடுத்தடுத்து வருகிறவர்கள் ரிலீவர்கள். அவர்கள் கையைச் சூடுபடுத்திக்கொள்ளும் இடம் புல்பென். அந்த இடத்தின் பெயரே அந்தக் கூட்டத்துக்கும் பெயராகிவிட்டது. முன்னிலையைக் காப்பாற்றி ஒன்பதாவது இன்னிங்ஸை முடித்துவைப்பவர் க்ளோசர். அப்படிக் காப்பாற்றினால் அவர் கணக்கில் ஒரு சேவ். ஒரு பிட்சர் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுக்கிறார் என்ற கணக்குதான் ஈ.ஆர்.ஏ., குறைவாக இருந்தால் நல்லது. ஃபீல்டர்களின் பிழையால் வந்த ரன்களை அதில் சேர்ப்பதில்லை. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு டெத் ஓவர் என்று சொன்னால் பாதி புரிந்துவிடும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கிரிக்கெட்டில் ஒரு பவுலரை நிறுத்தி வைத்து, தேவைப்பட்டால் மறுபடி கொண்டுவரலாம். பேஸ்பாலில் ஆட்டத்தை விட்டு வெளியே எடுத்த பிட்சர் அன்றைக்குத் திரும்பி வர முடியாது. ஒவ்வொரு மாற்றமும் திரும்பப் பெற முடியாத முடிவு. புல்பென்னைப் பற்றி இவ்வளவு வாதம் நடப்பதற்கு முதல் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது காரணம் நினைவு. வாஷிங்டன் ரசிகர் யாரிடமாவது 2012 என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும். அந்த அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு எதிராகத் தொடரை முடிவுசெய்யும் ஐந்தாவது ஆட்டத்தில் ஒரு கட்டத்தில் 6-0 என்று முன்னிலையில் இருந்தோம். ஒன்பதாவது இன்னிங்ஸுக்குள் நுழையும்போது 7-5. க்ளோசர் ட்ரூ ஸ்டோரென் இரண்டு பேரை அவுட் ஆக்கிவிட்டார். மூன்று ஸ்ட்ரைக் வாங்கினால் பேட்டர் அவுட். வெற்றிக்கு இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் என்ற இடம்வரை வந்தார். அங்கிருந்து ஆட்டம் 9-7 என்று தோல்வியில் முடிந்தது. 2014இலும் அதே வலி. சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிராக ஜோர்டன் ஜிம்மர்மேன் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் எட்டு இன்னிங்ஸும் ஒன்பதாவதில் இரண்டு அவுட்டும் முடித்திருந்தார். ஒரே ஒரு வாக் (நான்கு பந்து தவறி, பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவது) கொடுத்ததும் மேனேஜர் மாட் வில்லியம்ஸ் அவரை வெளியே எடுத்துவிட்டு ஸ்டோரெனைக் கொண்டுவந்தார். ஆட்டம் சமமாகி, பதினெட்டு இன்னிங்ஸ் ஓடி, பிராண்டன் பெல்ட் அடித்த ஹோம் ரன்னில் கைவிட்டுப் போனது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ரசிகரின் தலைக்குள் இருக்கும் புல்பென்னும் புள்ளிவிவரத்தில் இருக்கும் புல்பென்னும் ஒன்றல்ல. ஏழாவது இன்னிங்ஸில் ஒரு ரிலீவர் மூன்று பேரை வரிசையாக அவுட் ஆக்கினால் நாம் எழுந்துபோய் டீ போடுகிறோம். அவரே ஒருநாள் ஹோம் ரன் கொடுத்தால் பத்து வருடம் மறப்பதில்லை. ஸ்டார்ட்டர் முதல் இன்னிங்ஸில் கொடுக்கும் நான்கு ரன்னும் ஸ்கோர்போர்டில் அதே நான்கு ரன்தான். ஆனால் அதற்கு யாரும் இரவெல்லாம் புலம்புவதில்லை. ஆகவே "எங்கள் புல்பென்தான் எல்லா ஆட்டத்தையும் தோற்கடிக்கிறது" என்ற பேச்சை முதலில் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். முப்பது அணிகளின் ரசிகர்களும் தங்கள் புல்பென்னைப் பற்றி இதையேதான் சொல்கிறார்கள்.

சரி, ஈ.ஆர்.ஏ. காட்டும் நண்பரிடம் வருவோம். ஒரு ஸ்டார்ட்டர் ஒரு சீசனில் நூற்றைம்பது, நூற்றெண்பது இன்னிங்ஸ் வீசுவார். ரிலீவர் அறுபது அல்லது எழுபது. இந்தச் சின்ன எண்ணில்தான் சிக்கலே. 60 இன்னிங்ஸில் 20 ரன் கொடுத்தவரின் ஈ.ஆர்.ஏ. 3.00, நல்ல பிட்சர் என்கிறோம். அவருக்கே இரண்டு கெட்ட இரவுகளில் நான்கு நான்கு ரன் கூடுதலாகப் போய்விட்டது என்று வையுங்கள். 28 ரன், 4.20. இப்போது அவரைத் துரத்தச் சொல்கிறோம். ஐம்பத்தைந்து இரவுகளில் அவர் செய்த வேலை மாறவே இல்லை.

எட்வின் டியாஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2018இல் சியாட்டில் அணிக்காக 57 சேவ், ஈ.ஆர்.ஏ. 1.96. அடுத்த வருடம் நியூயார்க் மெட்ஸுக்கு வந்தார், 5.59. அதே மனிதர் 2022இல் 1.31. மூன்றில் எது உண்மையான டியாஸ்? அவருடைய வேகமும் ஸ்லைடர் என்ற வளையும் பந்தும் மூன்று வருடங்களிலும் இருந்தன. 2019இல் பந்து கொஞ்சம் நடுவே போனது, அடிபட்டவை எல்லைக்கு வெளியே போய் விழுந்தன. ரிலீவரின் ஒரு வருட எண்ணை வைத்து அடுத்த வருடத்தைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. ஈ.ஆர்.ஏ.வைவிட, அவர் எத்தனை பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்குகிறார், எத்தனை பேருக்கு வாக் கொடுக்கிறார் என்ற இரண்டையும் பாருங்கள் என்று நான் சொல்வேன். அவை பிட்சரின் கையில் இருப்பவை. சீக்கிரமே நிலைப்பட்டும் விடும்.

ஈ.ஆர்.ஏ.வில் இன்னொரு ஓட்டையும் உண்டு. பேஸில் மூன்று பேர் நிற்க ஒரு ரிலீவர் உள்ளே வருகிறார். முதல் பந்திலேயே டபுள் (பேட்டர் இரண்டாம் பேஸ்வரை போகும் அடி) போய் மூன்று பேரும் ஓடி வந்துவிடுகிறார்கள். அப்புறம் மூன்று பேரை அவுட் ஆக்கிவிட்டு இறங்கிப் போகிறார். அந்த மூன்று ரன்னும் அவர்களைப் பேஸில் விட்டுச்சென்ற முந்தைய பிட்சரின் கணக்கில் விழும். ஆட்டத்தைக் கெடுத்தவரின் ஈ.ஆர்.ஏ. அன்றைக்குப் பூஜ்யம்! ஆகவே தனி ரிலீவரின் ஈ.ஆர்.ஏ.வைப் படிக்கும்போது, அவர் வந்தபோது பேஸில் இருந்தவர்களில் எத்தனை பேர் ரன் ஆனார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

சேவ் எண்ணும் நண்பரின் வாதம் இதைவிடப் பலவீனமானது. சேவ் என்பதை வகுத்தவர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மேன் என்ற சிகாகோ விளையாட்டுச் செய்தியாளர். 1969இல் அது அதிகாரப்பூர்வக் கணக்கானது. ரிலீவர்களின் உழைப்புக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் பிறந்தது. ஆனால் மூன்று ரன் முன்னிலையோடு ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு வந்து, இரண்டு ரன் கொடுத்து, தட்டுத்தடுமாறி முடித்தாலும் சேவ்தான். மறுபக்கம், முன்னிலை பறிபோன கணத்தில் பந்து வீசும் மேட்டில் நிற்பவர் தலையில் ப்ளோன் சேவ், அதாவது கோட்டைவிட்ட சேவ், எழுதப்படும், தப்பு யாருடையதாக இருந்தாலும்.

2015 உலகத் தொடரில் மெட்ஸின் க்ளோசர் ஜூரிஸ் ஃபமீலியாவுக்கு நடந்ததைப் பாருங்கள். அந்த சீசனில் 43 சேவ் எடுத்தவர். கன்சாஸ் சிட்டி ராயல்ஸுக்கு எதிராக ஒரே தொடரில் மூன்று ப்ளோன் சேவ். முதல் ஆட்டத்தில் அலெக்ஸ் கோர்டனுக்கு ஹோம் ரன் கொடுத்தார். அது அவருடைய தப்புதான். நான்காவது ஆட்டத்தில் அவர் வருவதற்கு முன்பே இரண்டு பேர் வாக் வாங்கிப் பேஸில் நின்றார்கள். அவர் மெதுவான தரைப்பந்து ஒன்றை வரவழைத்தார். இரண்டாம் பேஸில் நின்ற டேனியல் மர்ஃபியின் கையிலிருந்து அது தப்பியது. ஐந்தாவது ஆட்டத்தில் மாட் ஹார்வியை ஒன்பதாவது இன்னிங்ஸுக்கும் விட்டுவைத்து, அவர் தடுமாறிய பிறகுதான் ஃபமீலியாவைக் கூப்பிட்டார்கள். மறுபடி தரைப்பந்துகள்தான் வந்தன. எரிக் ஹாஸ்மர் மூன்றாம் பேஸிலிருந்து துணிந்து ஓட, முதல் பேஸிலிருந்து வந்த எறி தவறிப்போக, ஆட்டம் சமமானது. புத்தகத்தில் மூன்று ப்ளோன் சேவ். அவற்றில் இரண்டில் பிட்சர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார்.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? எந்த நேரத்தில் யார் பந்து வீசுகிறார் என்பதைப் பாருங்கள். என் பதிலின் உயிர்நாடி இதுதான். எல்லா இன்னிங்ஸும் ஒரே எடை கொண்டவை அல்ல. ஆய்வாளர்கள் இதற்கு லெவரேஜ் என்று பெயர் வைத்து எண்ணாகவே கணக்கிடுகிறார்கள். சராசரித் தருணம் 1. எட்டு ரன் வித்தியாசத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸ் வீசுவது ஏறக்குறைய பூஜ்யம். ஒரு ரன் முன்னிலையில் பேஸ்கள் நிறைந்திருக்க வீசுவது சராசரியைப்போலப் பல மடங்கு. ஒரு புல்பென்னில் எட்டுப் பேர் இருப்பார்கள். அவர்களில் கனமான இன்னிங்ஸை வீசப்போகிறவர் மூன்று அல்லது நான்கு பேர்தான். மற்றவர்கள் தோற்கும் ஆட்டங்களிலும் பெரிய வெற்றிகளிலும் நேரத்தைக் கடத்துபவர்கள். எட்டுப் பேரின் மொத்த ஈ.ஆர்.ஏ.வை வைத்துச் சண்டை போடும்போது, கடைசி நான்கு பேரின் எண் முதல் நான்கு பேரை மறைத்துவிடுகிறது.

இப்போது 2019க்குப் போகலாம். எங்கள் புல்பென் உண்மையிலேயே மோசம். இதில் நான் சமரசம் செய்யமாட்டேன். ட்ரெவர் ரோசெந்தால் முழங்கை அறுவைச் சிகிச்சை முடிந்து திரும்பி வந்திருந்தார். ஒருகாலத்தில் செயின்ட் லூயிஸில் பேர்பெற்ற க்ளோசர். எங்களுக்காக முதல் நான்கு ஆட்டங்களில் அவரால் ஒருவரைக்கூட அவுட் ஆக்க முடியவில்லை. வகுக்கப் பூஜ்யம் என்பதால் அவருடைய ஈ.ஆர்.ஏ. கணக்கில் முடிவிலி. ஜூனில் அவரை விடுவித்தபோது அது 22.74. மே மாதத் தொடக்கத்திலேயே பிட்சிங் பயிற்சியாளர் டெரெக் லிலிக்விஸ்டை நீக்கிவிட்டார்கள். மே 23 அன்று நியூயார்க்கில் மெட்ஸிடம் நான்கு ஆட்டங்களையும் தோற்றபோது எங்கள் கணக்கு 19 வெற்றி, 31 தோல்வி. கடைசி இன்னிங்ஸ்களில் ஆட்டத்தைப் பறிகொடுப்பது பழகிப்போயிருந்தது. மேனேஜர் டேவ் மார்ட்டினெஸை அனுப்பிவிட வேண்டும் என்று கூக்குரல். நானும் அப்படித்தான் பேசினேன்.

ஆகஸ்டிலும் திருந்தவில்லை. மில்வாக்கிக்கு எதிராக ஒரு சனிக்கிழமை இரவு க்ளோசர் ஷான் டூலிட்டில் ஒன்பதாவது இன்னிங்ஸில் மூன்று ஹோம் ரன் கொடுத்தார். பதினான்கு இன்னிங்ஸ் போய் 15-14 என்று தோற்றோம். அந்த வருடம் 29 சேவ் எடுத்தவர் டூலிட்டில். மோசமான பிட்சர் இல்லை. நம்பிக் கூப்பிட அவரை விட்டால் ஆள் இல்லாததால் அதிகமாக வீசிக் களைத்திருந்தார். அந்த ஆட்டத்துக்குப் பிறகு முழங்கால் வலியோடு காயப்பட்டோர் பட்டியலுக்குப் போனார். ஒரு புல்பென்னில் நம்பத்தக்கவர் ஒருவர் மட்டும் இருந்தால் அந்த ஒருவரும் கெட்டுப்போவார். நண்பர்களிடம் நீங்கள் இதை அழுத்திச் சொல்லலாம். தொடர்ந்து இரண்டு நாள் வீசியவர் மூன்றாம் நாள் வருவதற்கும் ஓய்வெடுத்து வருவதற்கும் உள்ள வித்தியாசம் பந்தில் தெரியும்.

ஆனால் செப்டம்பர் 3ஆம் தேதி நடந்தது வேறு கதை. மெட்ஸுக்கு எதிராக வாஷிங்டனில் ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸின் மேல்பாதியில் எங்கள் ரிலீவர்கள் ஐந்து ரன் கொடுத்தார்கள், 10-4. பலர் கிளம்பிப் போய்விட்டார்கள். கீழ்பாதியில் மெட்ஸ் புல்பென் ஏழு ரன் கொடுத்தது. கடைசியில் டியாஸின் பந்தை கர்ட் சுசுகி மூன்று ரன் ஹோம் ரன்னாக அடிக்க, 11-10 என்று ஜெயித்தோம். ஒரே இன்னிங்ஸில் இரண்டு புல்பென்களும் சரிந்தன. அந்த இரவு எனக்கு ஒன்று உறைத்தது: நம் புல்பென் மட்டும்தான் ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். எதிரணிக்கும் ஒரு புல்பென் உண்டு, அவர்களுடைய ரசிகர்களும் அதே நேரத்தில் தலையில் கைவைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பிளே ஆஃபில், அதாவது சீசன் முடிந்து அக்டோபரில் நடக்கும் பட்டத்துக்கான ஆட்டங்களில், மார்ட்டினெஸ் என்ன செய்தார் என்பதுதான் உங்கள் மூன்றாவது நண்பருக்கான பதில். அவர் புல்பென்னைத் திருத்தவில்லை, சுருக்கினார். 162 ஆட்டம் நடக்கும் சீசனில் எட்டுப் பேரும் வீசித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. அக்டோபரில் இடையிடையே ஓய்வு நாள் உண்டு. டேனியல் ஹட்சன், டூலிட்டில் இருவரையும் வைத்துக்கொண்டு, மீதிக்கு மேக்ஸ் ஷெர்சர், ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க், பாட்ரிக் கார்பின் என்ற மூன்று ஸ்டார்ட்டர்களை ரிலீவர்களாக இறக்கினார். அக்டோபர் 1 அன்று மில்வாக்கியோடு வாழ்வா சாவா ஆட்டம். 3-1 என்று பின்தங்கியிருந்தோம். ஸ்ட்ராஸ்பர்க் அதற்கு முன் எந்த வருடத்திலும் ரிலீவராக வந்ததே இல்லை. அன்று வந்து மூன்று இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசினார். எட்டாவது இன்னிங்ஸில் ஜோஷ் ஹேடர், அப்போது பேட்டர்கள் கண்டு நடுங்கிய இடக்கை ரிலீவர், பேஸ்களை நிறைத்துவிட்டார். ஹுவான் சோட்டோ அடித்த பந்து வலது ஃபீல்டர் ட்ரென்ட் கிரிஷமைத் தாண்டிப்போக, மூன்று பேரும் ஓடி வந்தார்கள். 4-3. மில்வாக்கியின் பலம் புல்பென் என்றும் எங்கள் பலவீனம் புல்பென் என்றும்தான் அன்று காலைவரை எல்லோரும் பேசினார்கள்.

லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸுக்கு எதிரான அடுத்த தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் ஷெர்சர் எட்டாவது இன்னிங்ஸில் மட்டும் வந்து மூன்று பேரையும் ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். ஆனால் இந்த உத்தி எப்போதும் பலித்தது என்று சொன்னால் பொய்யாகும். அடுத்த ஆட்டத்திலேயே கார்பின் ரிலீவராக வந்து ஒரு இன்னிங்ஸ்கூட முடிக்காமல் ஆறு ரன் கொடுத்தார். உலகத் தொடரின் நான்காவது ஆட்டத்தில் பழைய பலவீனம் மறுபடி தெரிந்தது: நாற்பத்திரண்டு வயது ஃபெர்னாண்டோ ரோட்னியின் பந்தை ஹூஸ்டனின் அலெக்ஸ் பிரெக்மேன் கிராண்ட் ஸ்லாமாக, பேஸ்கள் நிறைந்திருக்க நான்கு ரன் தரும் ஹோம் ரன்னாக, அடித்தார். ஆழம் இல்லாத புல்பென், ஆழம் இல்லாததாகவேதான் கடைசிவரை இருந்தது. அந்த ஆழமில்லாத பகுதிக்கு ஆட்டம் போகாமல் எத்தனை இரவு தடுக்க முடிகிறது என்பதுதான் போட்டியாக இருந்தது. உலகத் தொடருக்கு முன் செயின்ட் லூயிஸுக்கு எதிரான தொடரில், முதல் மூன்று ஆட்டங்களையும் எங்கள் ஸ்டார்ட்டர்களே ஏழு, எட்டு இன்னிங்ஸ்வரை கொண்டுபோனார்கள். முதல் ஆட்டத்தில் அனிபல் சான்செஸ் எட்டாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட் ஆகும்வரை வீசி ஒரே ஒரு ஹிட் கொடுத்தார். மீதி நான்கு பேரை டூலிட்டில் பார்த்துக்கொண்டார். புல்பென்னுக்கு நல்ல மருந்து நல்ல ஸ்டார்ட்டர் என்று நான் சொல்வது இதனால்தான். ஸ்டார்ட்டர் ஐந்தில் இறங்கினால் நான்கு இன்னிங்ஸுக்கு ஆள் தேட வேண்டும். ஏழில் இறங்கினால் இரண்டுக்கு மட்டும்.

உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டத்தில் மேனேஜர் விவாதத்தின் இரு பக்கமும் வெட்டவெளிச்சமானது. ஹூஸ்டனின் சாக் கிரெய்ன்கி 2-0 முன்னிலையோடு அபாரமாக வீசிக்கொண்டிருந்தார். ஏழாவது இன்னிங்ஸில் அந்தோனி ரெண்டோனுக்கு ஒரு ஹோம் ரன், சோட்டோவுக்கு ஒரு வாக். 80 பந்துதான் வீசியிருந்தார். மேனேஜர் ஏ.ஜே. ஹின்ச் அவரை எடுத்துவிட்டு வில் ஹாரிஸைக் கூப்பிட்டார். ஹவி கென்ட்ரிக் அடித்த பந்து வலது பக்க ஃபவுல் கம்பத்தில் மோதியது, அது ஹோம் ரன். 3-2. அந்த வருடத்தின் மிகச் சிறந்த பிட்சர்களில் ஒருவரான கெரிட் கோல் புல்பென்னில் இருந்தும் அன்று இறங்கவே இல்லை. ஹூஸ்டன் ரசிகர்கள் இன்னமும் இதைப் பற்றி வாதாடுகிறார்கள்.

என் கருத்தைக் கேட்டால், ஹின்ச் செய்தது பைத்தியக்காரத்தனம் இல்லை. ஒரே பேட்டர் ஒரே பிட்சரை மூன்றாவது முறை சந்திக்கும்போது நன்றாக அடிக்கிறார் என்பது பல வருடக் கணக்கில் நிலைபெற்ற உண்மை. ஹாரிஸ் அந்த சீசன் முழுக்க அருமையாக வீசியவர், ஈ.ஆர்.ஏ. 1.50. கென்ட்ரிக்குக்கு அவர் வீசிய பந்தும் நல்ல பந்துதான். தாழ்வாக, வெளிப்பக்கம் போன கட்டர், கடைசி நேரத்தில் சற்றே விலகும் வேகப்பந்து. அதை எட்டி அடித்தது கென்ட்ரிக்கின் திறமை. கோலை இறக்காமல் ஏன் வைத்திருந்தார் என்பதில்தான் ஹூஸ்டன் ரசிகர்களின் மனவருத்தம் எனக்கும் புரிகிறது. கனமான நேரம் வந்துவிட்டது, கையிலிருக்கும் மிகச் சிறந்தவரை இனி எப்போது கொண்டுவருவது?

2016இல் பால்டிமோர் ரசிகர்கள் கேட்ட கேள்வியும் இதேதான். சாக் பிரிட்டன் அந்த வருடம் 47 வாய்ப்பில் 47 சேவ், ஈ.ஆர்.ஏ. 0.54. டொராண்டோவில் நடந்த ஒற்றை ஆட்டப் பிளே ஆஃபில் ஸ்கோர் 2-2. பக் ஷோவால்டர், முன்னிலை கிடைத்தால் காப்பாற்ற வேண்டுமே என்று பிரிட்டனைக் கடைசிவரை வைத்திருந்தார். பதினோராவது இன்னிங்ஸில் உபால்டோ ஹிமெனெஸின் பந்தை எட்வின் என்கார்னசியோன் மூன்று ரன் ஹோம் ரன்னாக அடிக்க சீசன் முடிந்தது. உலகின் மிகச் சிறந்த ரிலீவர் ஒரு பந்துகூட வீசவில்லை. அந்த அணியின் புல்பென் பலமா பலவீனமா என்று கேட்டால் என்ன சொல்வது? காகிதத்தில் அவ்வளவு பலம். அன்றைக்கு அது ஆட்டத்துக்குள் வரவே இல்லை. அதே அக்டோபரில் கிளீவ்லாந்தின் டெர்ரி ஃபிரான்கோனா, ஆண்ட்ரூ மில்லரை ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது என்று எந்த இன்னிங்ஸில் ஆட்டம் சாய்கிறதோ அங்கே இறக்கினார். டொராண்டோவுக்கு எதிரான தொடரின் நாயகன் விருது, ஒரு சேவ் மட்டுமே எடுத்த அந்த ரிலீவருக்குப் போனது.

இதை வைத்து எல்லாப் பழியையும் மேனேஜர் மேல் போட்டுவிடாதீர்கள். ஒருவர் நேற்று முப்பது பந்து வீசினார், இன்னொருவருக்குத் தோள் இறுக்கம், மூன்றாமவர் வீட்டில் ஒரு பிரச்சினை. இது எதுவும் நமக்குத் தெரிவதில்லை. தொலைக்காட்சியில் பார்க்கும் நமக்கு எட்டுப் பேரும் தயாராக இருப்பதாகவே தோன்றும். பெரும்பாலான இரவுகளில் மேனேஜரிடம் உண்மையில் இருப்பது நான்கைந்து பேர்தான்.

எல்லாம் கூடி வந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டால் 2014 ராயல்ஸைத் தேடிப் பாருங்கள். கெல்வின் ஹெரேரா 1.41, வேட் டேவிஸ் 1.00, கிரெக் ஹாலண்ட் 1.44. ஏழு, எட்டு, ஒன்பது என்று மூன்று இன்னிங்ஸையும் மூவரும் பங்கிட்டுக்கொண்டார்கள். எதிரணிக்கு ஆட்டம் ஆறு இன்னிங்ஸோடு முடிந்துபோனது. அப்படிப்பட்ட அணியே அந்த வருட உலகத் தொடரை ஏழாவது ஆட்டத்தில் இழந்தது. சான் பிரான்சிஸ்கோவின் ஸ்டார்ட்டர் மேடிசன் பம்கார்னர் இரண்டே நாள் ஓய்வில் ரிலீவராக வந்து ஐந்து இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசிவிட்டார். ராயல்ஸ் அடுத்த வருடம் ஜெயித்தார்கள். அதற்குள் ஹாலண்ட் முழங்கைக் காயத்தில் போய்விட, டேவிஸ் க்ளோசரானார். மூன்று பேரில் ஒருவர் போனாலும் தாங்கியது என்றால், அதை நான் பலமான புல்பென் என்பேன்.

கடைசியாக உங்கள் வாதம்: ஒரு க்ளோசரை வாங்கினால் போதுமா? 2019 ஜூலை கடைசியில் எங்கள் நிர்வாகம் ஒருவரை அல்ல, மூன்று ரிலீவர்களை வாங்கியது. சியாட்டிலிலிருந்து வந்த ரோனிஸ் எலியாஸ், எங்கள் சட்டையைப் போட்ட முதல் ஆட்டத்திலேயே பேட் பிடிக்கப்போய், முதல் பேஸுக்கு ஓடும்போது தொடைத்தசையைக் காயப்படுத்திக்கொண்டார். அவரோடு வந்த ஹன்டர் ஸ்ட்ரிக்லண்ட் பிளே ஆஃபில் ஹோம் ரன்களாகக் கொடுத்தார். மூன்றாமவர் டொராண்டோவிலிருந்து வந்த ஹட்சன். இரண்டு முறை முழங்கை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். அவரைப் பெற நாங்கள் கொடுத்தது கீழ்நிலை லீகில் ஆடிய ஒரே ஒரு பிட்சரை. வாங்கிய அன்று எங்கள் கூட்டத்தில் யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் பெரிய க்ளோசர் ஒருவரை எதிர்பார்த்திருந்தோம்.

உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் கார்பின் ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசி முடித்ததும், 6-2 என்ற நிலையில் ஒன்பதாவதுக்கு வந்தவர் அந்த ஹட்சன்தான். கடைசி பேட்டர் மைக்கேல் பிராண்ட்லி வீசிய பேட்டில் பந்து படவில்லை. ஹட்சன் கையுறையைக் கழற்றி, பலம்கொண்ட மட்டும் தூக்கி எறிந்தார்.